ஒரு வரி விடாமல்

“தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை, பத்து வாக்கியம். ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் எப்படி மேடம் இவளுக்கு முப்பத்தெட்டு மார்க்?”

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளைத் தலைமையாசிரியையின் அறைக்கே இழுத்து வந்து எகிறினார் அப்பா.

ஆங்கில ஆசிரியைக்கு மூக்குக்கு மேல் கோபம். “நானும் ஒவ்வொரு எழுத்தா பாத்துத்தான் சார் டிக் அடிக்கிறேன். மண்டையில ஏறலைன்னா நான் என்ன பண்றது?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க.” தலைமையாசிரியை மகளின் பக்கம் திரும்பினார். “நோட்டுல ஏதாவது ஒரு பக்கத்தை எடும்மா. நீ எழுதின வாக்கியத்துக்கெல்லாம் தமிழ்ல அர்த்தம் சொல்லு.”

மகள் தயங்கவே இல்லை. “முதல் வார்த்தை, பிரிடெண்ட். ‘என் அப்பா இங்கிலீஷ் தெரிஞ்ச மாதிரி நடிக்கிறார்.’”

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆசிரியைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டாவது, நெக்லெக்ட். ‘என் டீச்சர் நோட்டை அலட்சியப்படுத்தி, படிக்காமலே டிக் அடிக்கிறார்.’”

சிரிப்பு பாதியில் நின்றது.

“வெட்கமா இல்ல உங்களுக்கு?” தலைமையாசிரியை இருவரையும் பிடிபிடியென்று பிடித்தார். “எத்தனை நாளாம்மா இப்படி எழுதறே?”

“மூணு மாசமா, மேடம். யாராவது படிப்பாங்களான்னு பாத்தேன்.”

தலைமையாசிரியை நோட்டை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தார். அப்பாவின் கையெழுத்து இருந்தது. ஆசிரியையின் டிக் இருந்தது. அதற்கும் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று தலைமையாசிரியையின் சொந்த முத்திரை, வட்டமாக, அழுத்தமாக.

நோட்டை மூடினார்.

“பொண்ணு இங்கிலீஷ்ல நல்லாத்தான் சார் இருக்கா. கணக்குல கொஞ்சம் கவனிச்சுக்கோங்க.”