தெற்கே திரும்பிய புயல்

“‘நாங்கள் முழங்காலில் நின்றோம். ஆண்டவர் புயலைத் திருப்பிவிட்டார்.’ எப்படி இருக்கு? பின்வரிசை வரைக்கும் கேக்குமா?”

ரொட்டிக்கடை அக்கா கேட்டதும், துணி மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

“உங்க குரலுக்கு மைக்கே வேணாங்க்கா.”

“கிண்டலா? கடையில எவ்வளவு வேணாலும் கத்துவேன்மா. மேடைன்னாதான் பயம்.”

ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். சபையார் கொண்டுவந்த துணிகள் மேசைகளில் குவிந்து கிடந்தன. அவற்றைத் தெற்கு ஊருக்கு ஏற்றிப்போக லாரி வாசலில் நின்றது. லாரியோடு வந்து இறங்கிய அந்தப் பெண், யாரும் சொல்லாமலே சட்டை வேறு, போர்வை வேறு என்று பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

போன வாரம் புயல் இந்த ஊரை நோக்கித்தான் வந்தது. கரையைத் தொடும் நேரத்தில் தெற்கே திரும்பி, அங்கிருந்த ஊரைப் பாதியாக்கிவிட்டுப் போனது. அதற்காகத்தான் இன்று சாயங்காலம் ஸ்தோத்திர ஆராதனை. அக்கா சாட்சி சொல்ல வேண்டும்.

“சொல்லியே ஆகணுமாக்கா?”

“பொருத்தனை பண்ணிட்டேனே. என் மகன் படகுல போயிருந்தான். அவன் கரை சேர்ந்தா சபை முன்னால நின்னு சொல்றேன்னு ஆண்டவர்கிட்ட வாக்குக் கொடுத்தேன். சேர்ந்துட்டான். இப்ப பின்வாங்க முடியுமா?”

“இப்ப எப்படி இருக்காரு?”

“தூங்குறான், சாப்பிடுறான், மறுபடி தூங்குறான். நேத்து மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்த்தேன், மூச்சு வருதான்னு. முழிச்சுக்கிட்டு, ‘இதுக்குக் கடலே தேவலாம்’னு திட்டுறான்.”

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. ‘திருப்பிவிட்டார்’ங்கிற இடத்துல அவசரப்படாதீங்க.”

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கையில் ஒரு கைக்குழந்தையின் சட்டை. மடித்தபடியே ஆரம்பித்தாள்.

“நாங்கள் முழங்காலில் நின்றோம். ஆண்டவர் புயலைத்...”

பாதியில் நிறுத்திவிட்டாள்.

“என்னக்கா, மறந்துடுச்சா?”

“மறக்கலம்மா. திருப்பிவிட்டார்னு சொன்னா, அவங்க மேல திருப்பிவிட்டார்னுதானே ஆகுது?”

அந்தப் பெண் ஒரு போர்வையை எடுத்து உதறினாள்.

“அங்க பாவம் மிஞ்சிப்போச்சு, அதான்னு எங்க சபை மூப்பர் சொல்றாரு. அந்தக் கணக்குல பார்த்தா முதல்ல அவர் வீட்டுக் கூரைதான் பறந்திருக்கணும்.” அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். “நீ நிவாரண லாரியில ஊர் ஊராப் போறவ. உனக்கு என்ன தோணுது? அவர்தான் அனுப்பினாரா?”

“தெரியலக்கா.” போர்வையை மடித்து வைத்தாள். “அந்த ஊரு கோயில் கூரை போயிடுச்சு. சிலுவையும் சாய்ஞ்சு, நாலு நாள் தண்ணிக்குள்ளதான் கிடந்துச்சு, ஜனங்களோட சட்டிபானை, கட்டில் எல்லாத்தோடயும். அனுப்பினவரா இருந்தா ஏன் நடுவுல வந்து கிடக்கணும்? அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

“நீ பார்த்தியா?”

“நாங்க நாலஞ்சு பேராத்தான் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம்.”

அக்கா கைக்குழந்தையின் சட்டையை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

“அப்ப நான் என்னதான் சொல்றது? சொல்லாம விட்டா பொருத்தனை மீறினவளாவேன். இப்படியே சொன்னா, ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.”

“மகன் வந்துட்டான்னு சொல்லுங்க. அது நிஜம்தானே?”

“அவ்வளவு போதுமா?”

“அவ்வளவைச் சொல்றதே கஷ்டங்க்கா. வேணும்னா சொல்லிப் பாருங்க.”

அக்கா எழுந்து நின்றாள். எதிரே சபை இருப்பதுபோல் சுவரைப் பார்த்தாள்.

“என் மகன் திரும்பி வந்தான்.”

அதற்குமேல் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அருகில் வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இதுதாங்க்கா. இதோட நிறுத்திக்குங்க.”

ஆலயத்தில் மணி அடித்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் வாம்மா. முன்வரிசையில உட்காரு. உன் முகத்தைப் பார்த்தா எனக்குத் தைரியம் வரும். லேட்டாச்சுன்னு உங்க நிவாரண ஆபீஸ்ல கேட்டா நான் பேசிக்கிறேன்.”

“நான் ஆபீஸ் ஆள் இல்லக்கா. தெற்கு ஊருதான் எனக்கு. லாரி இங்க வருதுன்னாங்க, ஏறி வந்துட்டேன்.”

அக்காவின் பிடி தளர்ந்தது. “எதுக்கும்மா? வேண்டியதை லாரியே கொண்டுவருமே.”

“அன்னிக்கு ராத்திரி எங்க கோயில்லயும் ஜெபந்தாங்க்கா. ‘ஆண்டவரே, இதை வடக்கே அனுப்பிடும்’னு எல்லாரையும் விடச் சத்தமா கேட்டது நான்தான்” என்றாள் அவள். “இங்கயாவது பிள்ளைங்க எல்லாம் பத்திரமா இருக்காங்களான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”