அம்மாவின் சிபாரிசு

"சிபாரிசு வந்தாச்சு" என்று பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள் காய் நறுக்குகிறவள்.

தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வந்து நின்றவளுக்குப் புரிந்தது. பொய்யும் இல்லையே. கேட்டரிங் நடத்தும் முதலாளியம்மா, அம்மாவின் பள்ளித் தோழி. அம்மா ஒரு போன் போட்டாள், மறுநாளே வேலை.

"ஆன்ட்டி..."

"இங்க ஆன்ட்டி எல்லாம் கிடையாது. மேடம்னு கூப்பிடு. போய் அண்டாவைக் கழுவு."

கழுவினாள். மறுநாளும் அண்டாதான். அதற்கு மறுநாளும்.

விரலெல்லாம் தோல் உரிந்தது. ஆனாலும் வெந்நீர் ஆவிக்குள் நிற்கும்போது மேகத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அண்டாவின் அடியில் ஜன்னல் வெளிச்சம் நிலாவாக மிதக்கும். தேய்க்கத் தேய்க்க அது வளரும். அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

"கனவு கண்டது போதும், அடுத்த அண்டா காத்திருக்கு" என்பார் சமையல் மாஸ்டர்.

நாலாம் நாள் காய் நறுக்குகிறவளுக்கே மனசு கேட்கவில்லை. "சிநேகிதி பொண்ணுன்னுகூடப் பார்க்காம இப்படி வாட்டுறாங்களே. கல்நெஞ்சு."

வீட்டில் அம்மா அவள் கைக்கு எண்ணெய் தடவிவிட்டாள். "முடியலைன்னா விட்டுடும்மா. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"இல்லம்மா. பிடிச்சிருக்கு."

சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து. பரிமாறுகிறவர்களில் ஒருத்தி வரவில்லை. தண்ணீர் ஜாடியைக் கொடுத்து இவளை ஹாலுக்குள் தள்ளிவிட்டார்கள்.

வெள்ளை மேஜை விரிப்புகள் விசிறிக் காற்றில் பாய்மரம் மாதிரி அசைந்தன. பேச்சும் சிரிப்பும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தது. அவள் மிதந்துகொண்டே போனாள்.

மூலை மேஜையில் ஒருவர், வலது கையில் பெரிய கட்டு. தட்டு நிறையச் சாப்பாடு, தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, "பசியில்லை" என்று சிரித்தார்.

அவள் ஜாடியை அங்கேயே வைத்துவிட்டு, அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒரு கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனோடு கொண்டுவந்து அவருடைய இடது கைப்பக்கம் வைத்தாள்.

அவர் கிண்ணத்தைக் காலி செய்தார்.

அவள் நிமிர்ந்தால், வாசலில் முதலாளியம்மா.

"அந்தப் பக்கம் தண்ணி இல்லாம விக்கிட்டு இருக்காங்க. எல்லாம் முடிஞ்சதும் என்னை வந்து பாரு."

சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் போய் நின்றாள்.

"உங்கம்மா எதுக்கு எனக்குப் போன் பண்ணினா, தெரியுமா?"

"எனக்கு வேலை கேட்டு."

"'பேங்க் பரீட்சைக்குப் படின்னா கேட்க மாட்டேங்கிறா. இருக்கிறதுலயே கஷ்டமான வேலையாக் கொடு. ஒரே வாரத்துல அழுதுக்கிட்டு அவளா வீட்டுக்கு ஓடி வந்துடணும்'னு கேட்டா."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்தே அவ பேச்சை நான் தட்டினதில்ல" என்றார் முதலாளியம்மா. "இப்ப அவகிட்ட என்ன சொல்லிச் சமாளிக்கிறதுன்னு தெரியல. திங்கட்கிழமையிலேர்ந்து நீ ஹாலுக்கு வந்துடு."