ஒரு பல் தளர்த்து

படகுக் கம்பெனியின் கிடங்கில், வெளியூர் போகும் படகுகளை லாரியோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் ஒன்று இருந்தது. அதற்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை இறுக்கும் பல்சக்கரம் ‘கடக் கடக்’ என்று சுற்றினால் கிடங்கே காதைப் பொத்திக்கொள்ளும்.

அன்றைக்கு லாரியில் ஏறியது, பெயின்ட் வாசனைகூடப் போகாத ஒரு நீலப் படகு.

“அண்ணே, மூச்சு முட்டுது. ரெண்டு பல் தளர்த்துங்க” என்றது படகு.

“ஒரு பல்லும் கிடையாது.”

“சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒரே ஒரு பல்!”

“என்கிட்டயே பேரம் பேசுறியா? வளைவுல உருண்டு விழுந்தா என்ன செய்வே?” என்று கத்திய பெல்ட், படகுக்குக் கீறல் விழாதபடி நடுவில் வைத்திருந்த சாக்குத் துணியை மட்டும் நழுவாமல் பிடித்துக்கொண்டது.

வழி நெடுகப் படகு திட்டிக்கொண்டே வந்தது. லாரி பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் பெல்ட் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது.

துறைமுகம் வந்தது. பெல்ட் விட்டால்தான் கிரேன் தூக்க முடியும். முதன்முதலாகக் கடலைப் பார்த்த படகு பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டது.

“அண்ணே, இன்னும் ஒரு பல் இறுக்கிப் பிடிங்களேன்.”

பெல்ட்டுக்கு என்னவோ போலிருந்தது. “போடி கழுதை! மிதக்கத்தானே உன்னைச் செஞ்சாங்க” என்று அதட்டிவிட்டு, எல்லாப் பல்லையும் ஒரேயடியாக விட்டது.

காலி லாரியில் பெல்ட் சுருண்டு கிடந்தபடி கிடங்குக்குத் திரும்பியது. சாக்குத் துணியில் கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தது.

அடுத்த படகு ஏறியதுமே அலறியது: “ஐயோ, இறுக்குதே!”

“கத்து தங்கச்சி, நல்லாக் கத்து” என்றது பெல்ட்.