முந்திரி இல்லைதானே?

ஏழு மணிக்கு வந்தால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, சித்ரகலா ஆறு மணிக்கே வந்து ஹோட்டலின் சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

உள்ளே அடுப்புகள் இரைந்துகொண்டிருந்தன. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தெந்தக் குழம்புலீங்க முந்திரி அரைச்சு ஊத்துவீங்க?" என்று சத்தமாகக் கேட்டாள்.

மாஸ்டர் பழனிமுத்து மதுரைப் பக்கத்துக்காரர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எதுல ஊத்தலைன்னு கேளுங்கம்மா, சட்டுனு சொல்லிப்புடுவேன்."

அவள் சிரிக்கவில்லை.

குருமா வேண்டாம். பட்டர் மசாலா வேண்டவே வேண்டாம். பிரியாணியில் வறுத்துத் தூவுகிறார்கள், அதுவும் ஆகாது. கடைசியில் பள்ளிபாளையம் சிக்கனும் கல்தோசையும் என்று முடிவானது. சிக்கனில் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு தவிர வேறொன்றும் விழாது என்று பழனிமுத்து அடித்துச் சொன்னார்.

"வாணலி?"

"கழுவித்தாம்மா போடுறோம்."

"இப்ப, என் கண்ணு முன்னால கழுவுங்க."

கரண்டியையும் கழுவச் சொன்னாள். தோசைக்கல்லைத் தேய்க்கச் சொன்னாள். பழனிமுத்துவுக்கு லேசாகக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காம்மா ஒத்துக்காது?" என்றார்.

"கூட வர்ற பொண்ணுக்குங்க. போன வருசம் உசுரு பொழைச்சதே பெருசு."

அவர் வாணலியைக் குழாயடிக்கு எடுத்துப் போனார்.

அந்தப் பெண் ஜெயசுதா. அவளோடு சித்ரகலா, வேல்குமார், அமராவதி என்று நான்கு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். மாதம் ஒரு தடவை எங்காவது சேர்ந்து சாப்பிடுவார்கள். போன வருஷம் அப்படிப் போன ஓர் இடத்தில் இரண்டு வாய் காளான் மசாலா சாப்பிட்டதும் ஜெயசுதாவின் உதடு தடித்தது. அப்புறம் மூச்சு இழுத்தது. வேல்குமார் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மறுநாள் வேல்குமார் அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சண்டை போட்டான். முந்திரி போட்டுவிட்டு இல்லையென்று பொய் சொன்னதாக, பரிமாறிய வெள்ளையனை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெயசுதா அருள்புரத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதோ ஒரு வேலை இருந்தது அவளுக்கு. இந்தத் தடவை மட்டும் வாட்ஸப்பில் 'வர்றேனுங்க' என்று எழுதியிருந்தாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததிலிருந்து சித்ரகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேல்குமார் சொன்ன மூன்று ஹோட்டல்களையும் தட்டிக் கழித்தாள். 'ஏனுங்க கலா, சாப்பிடத்தான போறோம், கல்யாணத்துக்கு மண்டபமா பாக்கறோம்?' என்று அமராவதி வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அதற்கும் பதில் எழுதவில்லை.

ஏழு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். ஜெயசுதா இளைத்திருந்தாள். வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதில் மாத்திரையும் ஊசியும் இருப்பதாகச் சொன்னாள்.

வேல்குமார் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். "அண்ணா, போன வருசம் ஒருத்தர் கூசாமப் பொய் சொல்லி இந்தப் புள்ள உசுரே போகப் பாத்துச்சுங்க. நீங்க பாத்துப் பண்ணோணும்."

அவர் மிரண்டு போய்த் தலையாட்டினார்.

சித்ரகலா எழுந்து சமையற்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து போனாள்.

தோசையும் சிக்கனும் வந்தன. மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயசுதா தட்டைத் தொடாமல் சித்ரகலாவை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுட்டீங்களாக்கா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான். ஆனால் நாக்கு வரை வந்த ஆமாம் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னைக்குக் கேட்டேன் சுதா."

வேல்குமார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னைக்குன்னா?"

"அன்னைக்கு நான் யாருகிட்டயும் கேக்கலீங்க." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "கேக்கறேன்னு சொல்லித்தான் எந்திரிச்சுப் போனேன். அதுக்குள்ள போன் வந்துருச்சு. பேசிட்டு அப்படியே வந்து உக்காந்துட்டேன். சுதா கேட்டதும், கேட்டுட்டேன், இல்லைன்னுட்டாருன்னு சொல்லிப்போட்டேன்."

அமராவதி தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. வேல்குமார் தன் கைகளைப் பார்த்தான்.

"தெரியுமுங்கக்கா," என்றாள் ஜெயசுதா. "அன்னைக்குப் பரிமாறுன வெள்ளையண்ணன் இப்ப எங்க கம்பெனியில பேக்கிங்லதான் இருக்காருங்க."

பிறகு ஒரு துண்டு தோசையைப் பிட்டு, சிக்கனில் ஒற்றி, வாயில் வைத்தாள்.

சித்ரகலா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.