லுசுங்கு வகுப்பறை

"ரெண்டே வார்த்தை, பெரியவரே. நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க."

தலைமையாசிரியர் முந்தாலி காதோரமாகத்தான் சொன்னார். கிழவர் கொண்ட்வேக்குக் காதோரம் பேசத் தெரியாது.

"எதுக்கு நன்றி?"

"கட்டடத்துக்குத்தான்."

"மண்ணு மிதிச்சது நான். செங்கல் அறுத்தது நான். தண்ணி சுமந்தது என் மருமக. எனக்கு நானே கும்பிடு போட்டுக்கணுமா?"

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி விடவில்லை. "சிமெண்டும் தகரமும் உங்க தாத்தனா குடுத்தாரு, மாமா?"

"அப்ப சிமெண்டுக்கு மட்டும் சொல்றேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முந்தாலி சிரிக்கவில்லை. அவருடைய கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்து கிடந்தது.

"இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சாதான் சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு கட்டடம் தருவாங்க. நீங்க வாயத் திறந்து எதையாவது கொட்டிட்டீங்கன்னா, அதுங்க மரத்தடியிலயே கிடக்க வேண்டியதுதான். உங்க பேரனையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிரே அந்த மாமரம் நின்றது. பாதி பச்சை, பாதி கரி. இடி விழுந்த பிறகு சின்னப் பிள்ளைகளை அடுத்த மரத்துக்கு மாற்றியிருந்தார்கள். இடிக்கு அடுத்த மரம் தெரியாதா என்ன?

லுசுங்கு அவருடைய பேத்தி. அந்த இடியில், அந்த மாமரத்தடியில்தான் செத்துப்போனாள்.

கட்டடத்தைச் சுற்றிக் கிடந்த முள்வேலியை அன்று காலையில்தான் இழுத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். முள் கிடந்த இடம் மட்டும் செம்மண்ணில் ஒரு கோடாகத் தெரிந்தது.

கார்கள் வந்தன. மழை விட்டு ரோடு காய்ந்தால்தான் அந்தக் கார்கள் இந்தப் பக்கம் வரும். தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த ஆபீசர் முதலில் இறங்கி, கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். பின்னால், கட்டடத்துக்குப் பணம் கொடுத்த வெள்ளைக்காரம்மா. நல்ல மாதிரி முகம். இறங்கியதும் மாமரத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது.

கிழவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. அழுகிறவர்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

சுவரில் இருந்த துணியை விலக்கினார்கள். பெயர்ப்பலகை. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் படித்தார்கள்.

லுசுங்கு வகுப்பறை.

வெள்ளைக்காரம்மா பேசினாள். முந்தாலி அதை ஊர்ப்பேச்சில் சொன்னார். "இனிமே எந்தக் குழந்தையும் மரத்தடியில உக்காரக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. இந்தக் கட்டடம் இன்னும் கொஞ்சம் முன்னாடி முடிஞ்சிருந்தா நம்ம லுசுங்கு இருந்திருப்பாளேன்னு வருத்தப்படறாங்க."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்திகூட ஒருத்தி முகத்தைப் பார்க்கவில்லை.

கிழவரின் முறை வந்தது. எழுந்தார். ஆபீசர் கேமராவைத் தூக்கினார். அடுத்த மரத்தடியில் பேரன் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

"நன்றி," என்றார். உள்ளங்கைகளைக் குவித்து, மரியாதைக்குத் தட்டும் அந்தத் தட்டலை இருமுறை தட்டினார். ஆளே தட்டாமல் கை மட்டும் தட்டியது போல இருந்தது.

முந்தாலிக்கு உயிர் வந்தது.

ரிப்பனை வெட்டினார்கள். முந்தாலி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டுக்குள் நுழைத்தார்.

சாவி திரும்பவில்லை.

இரண்டு கையாலும் திருகினார். ஆபீசர் வாங்கித் திருகினார். யாரோ எண்ணெய் எடுக்க ஓடினார்கள். வெள்ளைக்காரம்மா குனிந்து பூட்டைத் தொட்டாள். விரலில் சிவப்பாகத் துரு ஒட்டியது. சிரித்துக்கொண்டே என்னவோ கேட்டாள்.

முந்தாலி சாவியை வாங்கி மறுபடியும் திருகினார். கிழவர் விடவில்லை. "என்னய்யா கேக்குது?"

"போன வாரம் முடிஞ்ச கட்டடத்துக்கு எதுக்குப் பழைய பூட்டுன்னு..."

"புதுப் பூட்டுதாம்மா," என்றார் கிழவர், நேராக அவளைப் பார்த்து. "மழைக்கு முன்னாடி மாட்டினது. நீங்க வந்து படம் புடிக்கிற வரைக்கும் சுவத்துல அழுக்குப் படக் கூடாதுன்னு உங்க ஆபீசரு உத்தரவு. மழை முழுக்க இங்கதான் தொங்குச்சு."

அதை அவளுக்குச் சொல்ல வேண்டியவர் முந்தாலி. அவர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர்தான் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவ்வளவு நீளப் பேச்சுக்கு இரண்டே வார்த்தை. அவள் தலையாட்டிப் புன்னகைத்தாள்.

கிழவர் சூளையில் மிச்சம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்துவந்தார். எல்லோரும் விலகினார்கள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. செங்கல் உடையவில்லை. அவர் அறுத்த செங்கல்.

கதவு திறந்தது. ஒருவரும் மூச்சு விட்டிராத சுண்ணாம்பு வாசனை.

"வாங்க பிள்ளைங்களா! உள்ள வாங்க!" முந்தாலி கை வீசிக் கூப்பிட்டார்.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் அந்தச் செம்மண் கோட்டில் சொல்லிவைத்தாற்போல நின்றுவிட்டார்கள். இல்லாத முள்ளைப் பார்ப்பது போலக் காலடியைப் பார்த்தார்கள். ஒரு கால்கூடத் தாண்டவில்லை.

"வெக்கப்படறாங்க," என்றார் ஆபீசர்.

இடி விழுந்த அன்றைய மழையில் மரத்தடியிலிருந்து ஓடிவந்த லுசுங்குவும் அதே இடம்வரை வந்தாள். முள்ளைப் பார்த்து நின்றாள். பிறகு மரத்தடிக்கே திரும்பி ஓடினாள்.