ஆல் பாஸ்

குப்பைக் கிடங்கு ஓடைத்தெருவுக்கு வரக்கூடாது என்று பேசத்தான் கவுன்சிலர் சந்தனமாரி நகராட்சிக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவளை நம்பி அந்தத் தெருப் பெண்களும் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்தார். பூங்காவுக்கு வேலி, பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர்ப்பலகை, தன் அறைக்கு ஏசி. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள், அவளும் தட்டினாள்.

"மிச்சமெல்லாம் ஆல் பாஸ்தானே?"

மேசைகள் அதிர்ந்தன. வருஷக்கணக்காகத் தட்டிப் பழகிய அவள் கை, அவளைக் கேட்காமலே ஓங்கித் தட்டியது. மிச்சத்தில் என்ன இருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. பதறி எழுந்தாள்.

"தலைவரே, அந்தக் குப்பைக் கிடங்கு..."

"என்னக்கா, இப்பத்தான நீங்களும் தட்டுனீங்க?" தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

மின்விசிறி இரைச்சலில் பின்வரிசைக்கு மேசைச் சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தது. அங்கே கைதட்டல் கிளம்பியது. ஒருத்தி ஓடிவந்து சந்தனமாரியின் சிவந்த உள்ளங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மதினி, நீங்க ஓங்கித் தட்டும்போதே தெரிஞ்சுபோச்சு, குப்பை நம்ம தெருவுக்கு வராதுன்னு!"