சாம்பல் நிறக் கோட்டு

பல்கலைக்கழக மாணவர் உதவி மையத்தில், நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கோட்டு இரவல் கொடுப்பது அவள் வேலை. கொடுக்கும் முன் கோட்டுப் பைகளின் வாயைத் தைத்துவிடுவாள். பதற்றத்தில் பைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மரியாதையாகவா இருக்கும்?

சாம்பல் நிறக் கோட்டிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை. அதைப் போட்டுப் போனவர்கள் எல்லோரும் வலது கையைப் பைக்குள் விட்டபடி, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்கள்.

“பையில கைய விடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!”

“வேலை கிடைச்சிருச்சுக்கா! கை தானா உள்ள போயிருச்சு. அப்புறம் பயமே இல்ல.”

வாங்கிப் பார்த்தால், அவள் போட்ட தையல் ஓர் இழைகூடப் பிரிந்திருக்காது. பிள்ளைகள் நன்றாயிருந்தால் சரி என்று இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள்.

ஒருநாள் அவளுக்கே நேர்காணல் வந்தது. தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்ததும் வலது கை தானாகத் தைத்த பைக்குள் இறங்கியது. அங்கே இன்னொரு கை இருந்தது. வெதுவெதுப்பான கை. அது அவள் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டது.

“பையிலேர்ந்து கைய எடுத்துட்டு உக்காருங்கம்மா,” என்றார் அதிகாரி.

“விடமாட்டேங்குது சார்,” என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக.